பன்னிரண்டு நரம்பும் அம்மாவின் மரியாதையும்

எங்கள் அம்மாவுக்கு வீட்டுக்குள் ஒரு வாய், வீட்டுக்கு வெளியே ஒரு வாய். உள்வாய் அரிவாள்மணை. குழம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால், "உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல, ஒன்னைய எவன் கட்டிட்டுப் போகப்போறானோ" என்பாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா வந்து நின்றால், "கம்மங்காட்டுப் பொம்மைக்கு மாட்டிவிட்டாப்ல இருக்கு" என்பாள். வாசலைத் தாண்டிவிட்டாலோ அந்த வாய் காணாமல் போய்விடும். காட்டு முதலாளி, பள்ளிக்கூட வாத்தியார், கோயில் சாமியார், பஸ் கண்டக்டர் என்று யார் எதைக் கேட்டாலும் "சரிங்கய்யா", "ஆமாங்கய்யா" தான். இல்லை, முடியாது, தெரியாது என்ற மூன்று சொற்களையும் அவள் எங்களுக்கென்றே பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கரிசல் காடு, பருத்தி, கம்பு, மழை பெய்தால் கொஞ்சம் மல்லி. காடெல்லாம் அடுத்தவர்களுடையது. அம்மா பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் போவாள். அப்பா காரியாபட்டியில் மூட்டை தூக்கினார். நாங்கள் வேதக்காரர்கள். தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் என்றாலும் கூலி வேலை கூலி வேலைதான். அடுத்தவர் வாசலில் நின்று பேசிப் பேசிப் பழகிய பேச்சு அம்மாவுடையது. நானோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, அருப்புக்கோட்டையில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கையில் கொஞ்சம் சம்பளமும் மூக்கு நுனியில் நிறையக் கோபமும் இருந்த வயது. அந்தச் "சரிங்கய்யா"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதுவே அவள் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

முதலில் கண்டுபிடித்தது அப்பாதான், அதையும் தப்பாகக் கண்டுபிடித்தார். "ஒங்காத்தா இப்பல்லாம் நான் பேசுறதைக் காதுலயே வாங்குறதில்ல" என்று என்னிடம் முறையிட்டார். என்ன கோபமோ என்று தனக்குத் தெரிந்த குற்றங்களையெல்லாம் அவராகவே ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டும் பார்த்திருக்கிறார். பதில் இல்லை. சாப்பிடும்போது அவர் உட்கார்ந்தது எப்போதும் அம்மாவுக்கு இடப்பக்கம். ஒருநாள் கூரை ஒழுகிய இடத்தைத் தவிர்த்து வலப்பக்கம் போய் உட்கார்ந்து அதே குற்றங்களில் ஒன்றை மறுபடியும் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை தெருவுக்கே கேட்டது. அப்போதுதான் அம்மாவுக்கு இடது காது கேட்கவில்லை என்று எங்களுக்குப் புரிந்தது.

"காதுக்குள்ள பம்புசெட்டு ஓடுறாப்ல ஒரே எரைச்சலு" என்றாள் அம்மா. எத்தனை நாளாக என்று கேட்டால், "யாரு கணக்கு வச்சா" என்றாள். பிறகு நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பிடும்போது இடது கடைவாயில் ஒரு பருக்கை ஒட்டியிருக்கும். அவள் துடைக்க மாட்டாள். தண்ணீர் குடித்தால் அந்தப் பக்கம் ஒரு சொட்டு வழிந்து தாடைக்கு இறங்கும்; அதுவும் தெரியாது. ஒரு மத்தியானம் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில் ஓர் ஈ உட்கார்ந்து, நடந்து, மூக்கோரம் வரை போய்த் திரும்பியது. அம்மா அதை விரட்டவில்லை. வலது கன்னத்துக்கு அது இடம் மாறியபோது பட்டென்று கையை வீசினாள்.

அருப்புக்கோட்டையில் காது டாக்டர் ஒருவர் அழுக்கெல்லாம் எடுத்து, சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்து, "இது காதோட வெளிப்பக்கத்துல இருக்குற பிரச்சினை மாதிரி தெரியல. நரம்பு டாக்டரைப் பாத்துருங்க" என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, முதல் பஸ்ஸுக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மதுரையில் அது டாக்டருக்குப் படிக்கிறவர்களும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. ஒரே அறையில் நாலைந்து மேசை, ஒவ்வொரு மேசையிலும் ஓர் இளம் டாக்டர். நடுவில் பெரிய டாக்டர் நடந்துகொண்டே இருந்தார். தடித்த கண்ணாடி, வெண்கலக் குரல். நோயாளிகளிடம் தணிந்து பேசுவார். திரும்பி இளம் டாக்டர்களிடம் பேசும்போது சன்னல் கம்பி அதிரும். எங்களுக்கு முந்தின ஆள் திருமங்கலத்துப் பக்கத்துக்காரர் ஒருவர். இளம் டாக்டர் அவரிடம் எதையோ கேட்க, அவர் "தெரியலைங்க, தெரியலைங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "சரியா செஞ்சு பாத்தியா? இப்படித்தான் செய்யச் சொல்லிக்கொடுத்தேனா?" என்று இளம் டாக்டரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அந்தப் பையனுக்குக் காது மடல் சிவந்துபோனது. அம்மா இதையெல்லாம் பெஞ்சியில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதுக்குள் என்ன ஓடியது என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் முறை வந்தது. பையன் ரொம்பப் பொறுமையானவர். "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, தலையில இருக்குற நரம்பெல்லாம் ஒவ்வொண்ணா பாக்கப்போறேன்" என்றார்.

மூளையிலிருந்து நேரே புறப்படுகிற நரம்புகள் பன்னிரண்டு ஜோடி என்றும், முகர்வதில் தொடங்கி நாக்கை அசைப்பது வரை தலையின் காரியமெல்லாம் அவற்றின் பொறுப்பு என்றும் பின்னால் அவரே எனக்குத் தன் முகத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் ஊரில் பெரியவர்கள் முன்னால் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று அம்மா வளர்ந்தாளோ, அதையெல்லாம் வரிசையாகச் செய்யச் சொன்னார் அந்த டாக்டர்.

ஒரு பக்க மூக்கை அடைத்து, மறுபக்க மூக்கருகே ஒரு சின்ன சீசாவைக் காட்டினார். "என்ன வாசம்னு சொல்லுங்கம்மா."

"நல்ல வாசங்கய்யா."

"நல்ல வாசம்தான். எதோட வாசம்?"

"நீங்க எதுன்னு சொன்னாலும் சரிங்கய்யா."

காபித்தூள் என்று எனக்கே எட்ட நின்று தெரிந்தது. அடுத்து, தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் திருப்பி விரலைப் பார்க்கச் சொன்னார். அம்மா கண்ணை மட்டும் திருப்ப மாட்டேன் என்றாள். வாயால் சொல்லவில்லை, விரல் போகும் பக்கமெல்லாம் தலையோடு, தோளோடு, முழு உடம்பாகவே திரும்பினாள். ஓர் ஆம்பிளையை ஓரக்கண்ணால் பார்ப்பது அவள் அகராதியில் கிடையாது. பையன் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகப் பார்த்து முடித்தார். பல்லைக் காட்டச் சொன்னதும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பல்லைக் காட்டினாள். "முந்தானையை எடுங்கம்மா" என்றால், எடுத்துவிட்டு வாயையும் சேர்த்து மூடிக்கொண்டாள். கன்னத்தை உப்பச் சொன்னார், புருவத்தை உயர்த்தச் சொன்னார், தோளைக் குலுக்கச் சொன்னார். தோளைக் குலுக்கியதற்காகக் காட்டு முதலாளியிடம் வசவு வாங்கியவர்களை அவளுக்குத் தெரியும். ஏதோ குளிருக்கு நடுங்குவதுபோல ஒரு சின்ன அசைவு அசைத்துவைத்தாள். கடைசியில் நாக்கை நீட்டச் சொன்னபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீட்டும்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். உதட்டைத் தாண்டி நாக்கு நுனி எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அந்தப் பையனுக்கும்தான்.

ஆனால் நடுவில் வந்த ஒரு சோதனையில் எனக்குச் சிரிப்பே வரவில்லை. கொஞ்சம் பஞ்சை நூலாகத் திரித்து எடுத்துக்கொண்டு, "கண்ணை மூடிக்குங்கம்மா. மூஞ்சியில லேசா தொடுவேன். தொட்டது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க" என்றார். பருத்திக்காட்டிலேயே காலத்தைக் கழித்தவளுக்குப் பஞ்சு வந்து படுவது தெரியாமலா போகும் என்று நினைத்துக்கொண்டேன். நெற்றியில் தொட்டார். "ம்." வலது கன்னம். "ம்." வலது தாடை. "ம்." இடது கன்னம். "ம்" என்றாள் அம்மா. ஈ நடந்த அதே கன்னம். இடது தாடை. "ம்." அப்புறம் அதிரும் இரும்புக் கவை ஒன்றை உச்சந்தலையில் வைத்து எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். "ரெண்டு பக்கமும் கணீர்னு கேக்குதுங்கய்யா" என்றாள்.

"அம்மா, நெசமாவா?" என்றேன். அவள் தொடையில் இருந்த கையால் என் கையைக் கிள்ளினாள்.

பெரிய டாக்டர் வந்து, பையன் எழுதியதைப் பார்த்தார். காதருகே கவையைப் பிடித்துப் பார்த்ததில் மட்டும் இடது காது கேட்கவில்லை என்று தெரிந்திருந்தது. மற்ற எல்லாம் சரி என்று இருந்தது. "காது நரம்பு வீக்கா இருக்கு. மாத்திரை சாப்பிடட்டும், ரெண்டு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்று சொல்லி, பையன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

திரும்பும்போது காரியாபட்டி தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. "கன்னத்துல தொட்டது ஒனக்குத் தெரிஞ்சுச்சா?"

"எங்க தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு 'ம்' 'ம்'னு சொன்ன?"

"அவரு சட்டைக்கை சரசரன்னுச்சு. தொடப்போறாருன்னு தெரிஞ்சுச்சு, சொன்னேன்."

"ஏம்மா? எதுக்குப் பொய் சொன்ன?"

அம்மா என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நீ பாத்தேல்ல, முன்னாடி வந்த ஆளு தெரியல தெரியலன்னு சொன்னதுக்கு அந்தப் பையன் எம்புட்டு வாங்கிக் கட்டிக்கிட்டாருன்னு. பரீச்சை நடக்குதுடி அவருக்கு. நானும் தெரியலன்னு சொல்லியிருந்தா ஃபெயிலாக்கிப் போட்டிருப்பாக. பாவம், பெத்தவுக எங்கிட்டு இருந்து கஞ்சி ஊத்திப் படிக்க வைக்கிறாகளோ."

அவள் சொல்லும் ஒவ்வொரு "ம்"மும் அந்தப் பையனுக்கு ஒரு மார்க்கு என்று நினைத்திருக்கிறாள். பாஸ் போட்டுவிட்டு வந்த திருப்தியில் பஸ்ஸில் தூங்கியும் போய்விட்டாள். அவள் தலை என் தோளில் விழுந்து கிடந்தது. திட்டவும் முடியவில்லை, விலக்கவும் மனம் வரவில்லை. அவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது இப்படிப்பட்ட எரிச்சலான நேரங்களில்தான் எனக்குத் தெரியும்.

மாத்திரை தீர்வதற்குள்ளேயே நிலைமை மோசமானது. வரப்பில் நடக்கும்போது அம்மா இடப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனாள். கூடக் களை வெட்ட வந்த பெண்கள், "என்ன மதினி, மத்தியானக் கஞ்சிக்குள்ள எதையும் ஊத்திக் குடிச்சியா" என்று கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். ஒருநாள் வரப்பிலிருந்து உருண்டு பருத்திச் செடிக்குள் விழுந்தாள். காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். கோயிலுக்கு வரவில்லை என்று அவள் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, அப்பா பயந்துபோய் என்னிடம், "பணத்தைப் பாக்காத தாயி, நாளைக்கே கூட்டிட்டுப் போ" என்றார். அம்மா கோயிலுக்குப் போகாமல் இருந்ததே கிடையாது. முகத்தைக் கழுவி, பவுடர் பூசி, பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் போய் உட்காருவாள். ஊரில் அவளைச் "சிரிச்ச மூஞ்சிக்காரி" என்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மறுபடியும் அதே அறை, அதே பையன். இந்த முறை நான் அவரிடம் போகவில்லை. நேரே பெரிய டாக்டர் எதிரில் போய் நின்றேன்.

"சார், எங்கம்மா சொல்றதை நம்பாதீங்க."

தொடையில் கிள்ளு விழுந்தது. பெரிய டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்ப யாரைம்மா நம்புறது?"

"இவுக இடது கன்னத்துல ஈ உக்காந்தாத் தெரியறதில்ல சார். சோறு ஒட்டியிருந்தாத் தெரியறதில்ல. போன தடவை தெரியுது தெரியுதுன்னு சொன்னதெல்லாம் சும்மா. தெரியலன்னு சொன்னா அந்த டாக்டரைத் திட்டுவீங்கன்னு சொல்லியிருக்காக."

பையனுக்கு மறுபடியும் காது மடல் சிவந்தது. அம்மா கையைக் கூப்பிக்கொண்டு, "ஐயா, இவ வாய்த்துடுக்கு. அந்தத் தம்பி நல்லாத்தான் பாத்தாரு, அவரை ஒண்ணும் சொல்லிராதீக" என்றாள்.

பெரிய டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, தானே பஞ்சை எடுத்துத் திரித்தார். "கண்ணை மூடிக்கிறீங்களா?"

"சரிங்கய்யா."

வலது கன்னத்தில் தொட்டார். "ம்." நெற்றியில் தொட்டார். "ம்." அப்புறம் பஞ்சை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு சட்டைக்கையை மட்டும் லேசாக அசைத்தார். எங்கேயும் தொடவில்லை.

"ம்" என்றாள் அம்மா.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா கண்ணைத் திறந்து, எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள். பெரிய டாக்டர், "எல்லாருக்கும் மார்க்கை வாரி வழங்குறீங்களேம்மா" என்றார். "இங்க பரீட்சை அவனுக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. நரம்புக்கு. எது ஃபெயிலாகுதுன்னு தெரிஞ்சாத்தான் நோவு எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்." பிறகு, "மேலே பாருங்க" என்று சொல்லி, பக்கவாட்டிலிருந்து பஞ்சு நுனியைக் கொண்டுவந்து அவளுடைய வலது கருவிழியின் ஓரத்தைத் தொட்டார். இரண்டு கண்ணும் சட்டென்று மூடித் திறந்தன. அடுத்து இடது கருவிழி. பஞ்சு தொட்டுக்கொண்டே இருந்தது. கண் அப்படியே திறந்திருந்தது.

அந்தக் கண்ணை என்னால் மறக்க முடியாது. வாய் என்ன சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தாள். கண்ணுக்கு அவளால் மரியாதை சொல்லிக்கொடுக்க முடியவில்லை. "வலப்பக்கம் தொட்டா ரெண்டும் மூடுது, அதனால மூடுற நரம்பு நல்லாருக்கு. முகத்துல பட்டதை மூளைக்குச் சொல்ற அஞ்சாவது நரம்புதான் இடப்பக்கம் தூங்குது. அது பக்கத்துலயே காதுக்குப் போற எட்டாவது நரம்பு. ரெண்டும் சேர்ந்து கெட்டிருந்தா நடுவுல எதுவோ உக்காந்து அமுக்குது" என்று அவர் மற்றவர்களுக்குச் சொன்னது என் காதிலும் விழுந்தது. யாரையும் அவர் திட்டவில்லை. அன்றைக்கே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

கட்டி இருந்தது. பெரிய நெல்லிக்காய் அளவு. புற்று இல்லை என்றார். ஆனால் அது வளர வளர மூளைத் தண்டை நசுக்கும், விட்டுவைத்தால் உயிருக்கு ஆபத்து. எடுத்துவிடலாம். அதில்தான் ஒரு சிக்கல். முகத்தை அசைக்கிற ஏழாவது நரம்பு, நூல் மாதிரி அந்தக் கட்டியின் மேலேயே ஒட்டிப் போகிறது.

"கேக்காத காது கேக்காதுதான். அது போகட்டும்" என்றார் பெரிய டாக்டர், அம்மாவின் நல்ல காதுப் பக்கம் குனிந்து. "அந்த ஏழாவது நரம்பைக் காப்பாத்த என்னால முடிஞ்சதைச் செய்வேன். முடியலைன்னா இடப்பக்கம் வாய் கோணிரும், கண்ணு சரியா மூடாது. நீங்க என்ன சொல்றீங்க?"

"ஒங்க இஷ்டங்கய்யா."

"என் இஷ்டம் இல்லம்மா. மூஞ்சி உங்களோடது."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் இப்படி யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். "எடுத்துருங்கய்யா. இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒண்ணும் பண்ணிப் பாக்கல நான்" என்றாள். நான் வெளியே வந்து நடையில் நின்று அழுதேன்.

ஆப்பரேஷன் அன்று காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள், விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அப்பா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்தப் பையன் நடுநடுவே வந்து, "போய்க்கிட்டிருக்கு, நல்லாப் போய்க்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். அம்மாவிடம் பாஸ் வாங்கியவர் அல்லவா, எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரியே ஆகிப்போனார்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்காக இன்றைக்கும் நான் முழந்தாளில் நிற்பேன்.

கட்டில் பக்கம் பெரிய டாக்டர் வந்தபோது அவளுக்கு நன்றாக நினைவு திரும்பியிருந்தது. "கண்ணை இறுக்கி மூடுங்கம்மா." வலது கண் மூடியது. இடது கண் பாதியில் நின்றது. உள்ளே வெள்ளை மட்டும் தெரிந்தது. "புருவத்தைத் தூக்குங்க." வலது புருவம் மட்டும் ஏறியது. "பல்லைக் காட்டுங்க." முந்தானையைத் தேட முடியாமல் கையில் ஊசி குத்தியிருந்தது, அதனால் அப்படியே காட்டினாள். வாய் முழுவதும் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து, இடது கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெரிய டாக்டரின் குரல் இறங்கியிருந்தது. "ரொம்பப் பாத்தேம்மா. பிரிக்கவே முடியல. கட்டியோட ஒட்டியே போச்சு."

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு குழறலாக, "அதுக்கென்னங்கய்யா, நல்லாத்தான இருக்கேன். ஒரு கொறையும் இல்ல" என்றாள். வாய் அசைகிறதா, எப்படி அசைகிறது என்று அவளுக்கே இன்னும் தெரியாது. யாரும் கண்ணாடி காட்டவில்லை. அந்த மனுஷனுக்கும் அவள் மார்க்குப் போட்டுவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய மரியாதைக்கு நான் கோபப்படாத முதல் தடவை அது.

வீட்டுக்கு வந்தபிறகு கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை ஒட்டிவைக்கப் பிளாஸ்திரி, ஒரு பக்கம் மட்டும் மென்று சாப்பிடப் பழகுவது என்று நாள் போனது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் "முன்னைக்கு இப்பத் தேவலை" என்றார்கள். அவளும் "ஆமாங்க" என்றாள். சுவரில் இருந்த கண்ணாடியை நான் எடுத்து டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவளும் அதைத் தேடவில்லை.

நடமாட ஆரம்பித்தபின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னைக்குக் கோயிலுக்கு வாரேன்" என்றாள். முகத்தைக் கழுவினாள். மொட்டையடித்த பாதித் தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள். நேரே போய்ப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்தாள். எங்கே இருக்கிறது என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிரித்துப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடியும் சிரித்துப் பார்த்தாள்.

"ரொம்பக் கோணலாவா இருக்கு?" என்றாள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லம்மா. அப்படியொண்ணும் தெரியல" என்றேன்.

அம்மா கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். மூடாத அந்தக் கண்ணும் என்னைப் பார்த்தது.

"எங்கிட்ட எதுக்குடி மரியாதை?" என்றாள்.

அவ்வளவுதான். என்னால் அழுகையைப் பிடித்து வைக்க முடியவில்லை. அழுதுகொண்டே, "கோணலாத்தாம்மா இருக்கு. நல்லாவே கோணலா இருக்கு" என்றேன்.

"அப்படிச் சொல்லு" என்றாள். பவுடர் டப்பாவைத் திறந்து, இரண்டு கன்னத்துக்கும் ஒரே அளவாகப் பூசினாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கினாள்.